தேதி இருந்தது, மருந்துதான் இல்லை

ஹூலேவிக்
ஏப்ரல் 24, புதன்கிழமை

என் அன்பு மகள் இங்குனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை ரொட்ரிகோவும் அந்தத் தூரக் கரையில் பசியில்லாமல், சளியில்லாமல், ஒருவருக்கொருவர் முகம் சுளிக்காமல் இருக்க வேண்டும் என்று காலையில் அடுப்படி விளக்கைப் போடும்போதே கர்த்தரிடம் கேட்டுவிடுகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதப் பேனாவை எடுத்தேன், ஆனால் அது முழு உண்மையாக இருக்காது என்பதால் உயிரோடு இருக்கிறோம், வேளைக்குச் சாப்பிடுகிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் அப்பா பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு நான் சொல்வதற்கெல்லாம் தலையை ஆட்டியும் ஆட்டாமலும் இருப்பார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிச் சொல்வது. பக்கத்து வீட்டு ஓட்வாரின் மருமகன் மீன் பண்ணை வேலையாக சனிக்கிழமை உங்கள் ஊருக்குப் புறப்படுகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். ஈஸ்டரில் அப்பாவுக்கு லேசாக நெஞ்சு வலி வந்தது, ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள் என்று உன்னிடம் போனில் சொன்னேன் அல்லவா, அது அவர் சொல்லச் சொன்ன அளவு. மீதியை இதில் எழுதுகிறேன். அவருக்கு நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை செய்ய வேண்டுமாம். செய்துகொள்ள மாட்டேன் என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறந்துபோவேன், இப்போதெல்லாம் படியேறும்போது எதற்கு ஏறினேன் என்பதே மறந்துவிடுகிறது. கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பிய பார்சல் மார்ச்சில்தான் வந்தது, பழுப்புச் சீஸின் தேதி தாண்டிவிட்டது, மீன் எண்ணெயின் தேதியும் தாண்டிவிட்டது, தலைவலி மாத்திரையின் தேதி இந்த மாதக் கடைசி, எதைத் தூக்கிப் போடுவது எதை வைத்துக்கொள்வது என்று கேட்டிருந்தாய். சீஸைச் சாப்பிடு. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தால் விரல் பருமனுக்குச் சீவி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடு, அது பாலைக் காய்ச்சிக் காய்ச்சி இறுக்கியது, அதற்கு ஒன்றும் ஆகாது. மீன் எண்ணெயை மூடியைத் திறந்து மோந்து பார், மீன் வாடை அடித்தால் சரி, பழைய பெயிண்ட் வாடை அடித்தால் அதைச் சாப்பிடாதே, மரச் சாமானுக்குத் தடவு. மாத்திரையை மட்டும் மூக்கை வைத்துத் தீர்மானிக்காதே. இதைத்தான் நான் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு காகிதம்.

உன் அப்பாவுக்கும் தேதிக்கும் உள்ள பகை உனக்குத் தெரியும், ஆனால் மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டுவாய் என்பதால் எழுதுகிறேன். இருபத்தாறு வருஷம் பால் நிலையத்தில் அட்டைப் பெட்டிக்குத் தேதி அடிக்கிற இயந்திரத்தில் நின்றவர். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீஸிலிருந்து போன் வந்ததாம், இன்று முதல் மூன்று நாள் கூட்டி அடி என்று. அதே மாடு, அதே பால், அதே குளிர்பெட்டி. அவர் தேதிச் சக்கரத்தைத் திருகி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார்: "நேத்து வரைக்கும் வியாழக்கிழமை செத்த பால், இன்னையிலேர்ந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் உசுரோட இருக்குமாம்." அன்றைக்குத்தான் அவருக்குத் தேதி மேல் இருந்த மரியாதை போனது. பிறகு பால் பெட்டியிலேயே இந்தத் தேதிக்குள் சிறந்தது, அதற்குப் பிறகும் கெட்டதல்ல என்று அச்சடிக்க ஆரம்பித்தார்களே, அதைப் பார்த்து அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது, நான் இருபது வருஷமாகச் சொன்னதை இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று ஜெப வீட்டுக் காபி நேரத்தில் ஒருவர் விடாமல் சொன்னார். நானும் அவரைக் குறை சொல்லவில்லை. வீட்டுக் கணக்கில் வீணாய்ப் போனவை என்று தனியாக எழுதுகிறவள் நான், அந்தப் பக்கம் காலியாக இருந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆண்டவர் கொடுத்த ஆகாரத்தை ஒரு எண்ணைப் பார்த்துக் குப்பையில் கொட்டுவது பாவம் என்று நானும்தான் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன்.

ஆனால் வீட்டில் தேதி தாண்டியதெல்லாம் எங்கே போகும். விடுமுறைக்குத் தங்குகிற மலை வீட்டுக்குப் போகும். நம்மூரில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான், கால் ஆடுகிற நாற்காலி, சாயம் போன திரைச்சீலை, பழைய பட்டாணி, கட்டியாகிப்போன கடுகு விழுது எல்லாம் காரில் ஏறி மலைக்குப் போய் அங்கே இன்னும் இருபது வருஷம் குடியிருக்கும். மருந்தும் அப்படியே போனது. வீட்டு அலமாரியில் புது இருமல் மருந்து வந்தால் பழையது மேலே போய்விடும், ஈஸ்டருக்கு ஆகுமே என்று. இதையெல்லாம் நான்தான் பையில் அடுக்குவேன், அவர் தூக்கிப்போய் வண்டியில் வைப்பார். அவருடைய நெஞ்சு மாத்திரை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருந்தேன். போன இலையுதிர் காலத்தில் டாக்டர் எழுதிக்கொடுத்தாரே, நாக்குக்கு அடியில் வைக்கிற சின்ன மாத்திரை, பழுப்புக் கண்ணாடிப் புட்டி. அதை நானே கையில் வாங்கித் தேதியைப் பார்த்தேன், அடுத்த வருஷம் ஆகஸ்ட் என்று போட்டிருந்தது. மாதா மாதம் முதல் தேதியில் மின்சாரக் கணக்கு எழுதும்போது அந்தப் புட்டியையும் எடுத்துத் தேதியை ஒரு தடவை பார்த்துவிட்டு வைப்பேன். அதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, உள்ளே மடித்து வைத்திருந்த காகிதம் சொல்லியிருக்கிறது, எறும்பு மாதிரி எழுத்து.

போன இலையுதிர் காலத்தில் முதல் தடவை நெஞ்சு வலி வந்த நாளிலிருந்து அப்பா உதட்டுக்குள் அடக்குகிற ஸ்னூஸ் புகையிலையை விட்டுவிட்டார், அதைச் சொல்ல வேண்டும், ஒரே நாளில் விட்டார், நான் ஸ்தோத்திரம் சொன்னேன். ஆனால் உதடு விட்டதே தவிர கை விடவில்லை. கால்சட்டைப் பையில் அந்த வட்ட டப்பா இல்லாவிட்டால் மனிதர் சாவியைத் தொலைத்தவர் மாதிரி தடவிக்கொண்டே இருப்பார். அதனால் காலி பிளாஸ்டிக் டப்பாவைக் கழுவிக் காயவைத்து அந்த மாத்திரைகளை அதன் மூடியில் இருக்கிற சின்ன அறைக்குள், அடக்கி முடித்ததைப் போடுகிற இடம் இருக்கிறதே, அதற்குள் கொட்டி வைத்துக்கொண்டார். எப்போதும் பையிலேயே இருக்கும், அவசரத்துக்குக் கை தானாகப் போகும் என்று அவருடைய யோசனை. எனக்குக்கூட நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஓட்வார் பார்த்துவிட்டு, என்ன தோர்லைவ், புகையிலையும் நெஞ்சும் ஒரே டப்பாவிலா, இரண்டு பேரையும் சமாதானம் பண்ணிவிட்டாயா என்று கேலி பண்ணினான், எல்லாரும் சிரித்தோம்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம். மேலே மலை வீட்டில் இந்த வருஷம் ஜன்னல் வரைக்கும் பனி. ஆட்டுக்கால் அடுப்பில் இருந்தது, நான் கேரட் சுரண்டிக்கொண்டிருந்தேன், அவர் கழிப்பறைக்குப் போகிற பாதையை வெட்டுகிறேன் என்று மண்வெட்டியோடு போனார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. சத்தம் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் படியில் உட்கார்ந்திருக்கிறார், மண்வெட்டி மடியில், முகம் ரொட்டி மாவு நிறம். நான் வெளியே ஓடுவதற்குள் டப்பாவைத் திறந்து ஒன்றை நாக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். காத்திருந்தோம். வலி குறையவில்லை. இன்னொன்று வைத்தார். என்னைப் பார்த்து, "சுருக்குன்னு இல்லடி, சுண்ணாம்பு மாதிரி இருக்கு" என்றார். வாழ்நாளெல்லாம் நாக்கில் வைத்துப் பார்த்து நல்லது கெட்டது சொன்ன மனிதர், இங்குன், அன்றைக்கும் அவர் நாக்கு சரியாகத்தான் சொன்னது, சொல்லி என்ன பிரயோசனம், கையில் வேறு மருந்து இல்லை. மலை வீட்டு அலமாரியைத் திறந்தேன், உன் சின்ன வயது அம்மைக்குப் பூசின மருந்து இருந்தது, உன் அப்பாவின் செத்துப்போன அத்தைக்குக் கொடுத்த இடுப்பு வலி மாத்திரை இருந்தது, ஒட்டாத பிளாஸ்திரி இருந்தது, நெஞ்சுக்கு ஒன்றும் இல்லை. போனுக்குச் சிக்னல் கிடைக்க மேட்டுக்குப் போக வேண்டும், அவரைத் தனியாக விட்டுப் போக எனக்குக் கால் வரவில்லை. கர்த்தர்தான் ஓட்வாரை அந்தப் பக்கம் அனுப்பினார், ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு ஸ்கீயில் சாவகாசமாக வந்தவன் என் முகத்தைப் பார்த்ததும் பழத்தைப் பனியில் போட்டுவிட்டுக் கீழே மீட்புக் குழுவின் குடிசைக்கு வழுக்கிப் பாய்ந்தான், அறுபத்தெட்டு வயது, நான் அப்படி ஒருவர் இறங்கிப் பார்த்ததில்லை.

பனி வண்டியில் இரண்டு பேர் வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு உன் வயதுகூட இருக்காது. நாக்குக்கடியில் எதையோ பீய்ச்சினாள், கொஞ்ச நேரத்தில் அவர் தோள் இறங்கியது, மூச்சு வந்தது. அவள் டப்பாவைக் கையில் எடுத்து, இது எப்போது திறந்த மருந்து என்று கேட்டாள். உன் அப்பா படுத்தபடியே, "அதெல்லாம் தேதி இருக்கு, அடுத்த வருஷம் ஆகஸ்ட் வரைக்கும்" என்றார். பாவி மனிதர், எழுபத்தாறு வயதில் முதன்முதலாக ஒரு தேதியைச் சாட்சிக்குக் கூப்பிட்டார், அதுவும் பொய்ச் சாட்சியாகப் போனது.

கீழே வந்ததும் அவரை ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள், நான் ஓட்வாரின் காரில் போனேன். மறு வாரம் மருந்துக் கடைக்கு மலை அலமாரி முழுவதையும் பையில் கட்டி எடுத்துப் போய்க் கொடுத்தேன். அந்தக் கடைக்காரி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள், அம்மை மருந்தைப் பார்த்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டாள், சிரிக்கவில்லை, நல்ல பெண். அவள்தான் சொன்னாள், அந்த நெஞ்சு மாத்திரையில் இருக்கிற மருந்து காற்றோடு போகிற சாதியாம், தன் கண்ணாடிப் புட்டியில் மூடி இறுக்கியிருந்தால்தான் நிற்குமாம், பிளாஸ்டிக்கில் போட்டால் பிளாஸ்டிக்கே உறிஞ்சிவிடுமாம், அதிலும் ஆள் சூட்டில் கால்சட்டைப் பையில். புட்டியில் போட்டிருக்கிற தேதி திறக்காத புட்டிக்குத்தானாம், திறந்து வெளியே கொட்டிய பிறகு அந்த எண்ணுக்கும் மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லையாம். இப்போது ஸ்பிரே கொடுத்திருக்கிறாள். ஆக, தேதியை நம்பாத அவரும் ஏமாந்தார், தேதியை மட்டும் நம்பின நானும் ஏமாந்தேன். நான் மாதா மாதம் பார்த்தது வெறும் புட்டியின் தேதியை. வீட்டுக்கு வந்து கொஞ்ச நேரம் கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தேன், அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. இந்த வீட்டில் எது நிற்கும் எது நிற்காது என்று நாற்பத்தைந்து வருஷமாக மோந்து மோந்து பார்த்துக்கொண்டே இருக்கிறேன் இங்குன், மூக்கே ஓய்ந்துவிட்டது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெர்கன் ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் போட்டுக் காட்டினார், மூன்று குழாய் அடைத்திருக்கிறது, குழாய்க்குள் கம்பி வலை வைத்துச் சரிசெய்யக்கூடிய இடமில்லை, நெஞ்சைத் திறந்து மாற்றுப் பாதை போட வேண்டும், மே மாதம் இருபத்தெட்டாம் தேதி இடம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். அப்பா நன்றி சொல்லிக் கையைக் குலுக்கிவிட்டு வெளியே வந்தார். படகுத்துறையில் ஃபெரிக்குக் காத்திருக்கும்போது சொன்னார்: "எழுவத்தாறு வயசு. தேதி தாண்டின சாமான். இன்னும் நாறல இல்ல, அது போதும், விடு." ஃபெரியில் அவருக்கு ஸ்வேலே பணியாரம் வாங்கிக் கொடுத்தேன், அதையும் பாதிதான் சாப்பிட்டார். வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மெதுவாகக் கேட்டேன், கோபமாகக் கேட்டேன், போதகரை வரச்சொன்னேன், அவர் வந்து இரண்டு பேரும் வானிலையும் காட் மீனும் பேசிவிட்டு எழுந்தார்கள். பயமா என்று கேட்டேன், இல்லை என்றார், ஆனால் அவருடைய அண்ணன் அறுவை சிகிச்சை மேஜையிலிருந்து எழுந்து வரவில்லை என்பது அவருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நேற்று சாப்பிட்ட பிறகு என்னுடைய ஆயுதத்தையே எடுத்து என் மேல் வீசினார். "நம்ம நாளெல்லாம் கர்த்தர் கையிலன்னு தினமும் ஜெபம் பண்றது நீதானே. அப்புறம் டாக்டர் கையில எதுக்குக் கொடுக்கணும்?" என்றார். என் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்: "ஆமா தோர்லைவ், தேதி அடிக்கிறது அவர் வேலை. நீ பால் நிலையத்துலேர்ந்து ரிட்டயர் ஆயாச்சு." அவர் முகம் சுருங்கியது. எழுந்து போய் காலியாகக் கிடக்கிற நாய்க் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதற்குப் பிறகு இன்று வரை பேச்சில்லை, பாத்திரம் மட்டும் துடைத்துக் கொடுக்கிறார்.

நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன், நினைத்துக்கொண்டே ஜன்னல் துடைத்தேன், நினைத்துக்கொண்டே ருபார்ப் பாத்தியில் உரம் போட்டேன், முளை சிவப்பாக எட்டிப் பார்க்கிறது. இடது முழங்கால் மழைக்கு முன்னால் வலித்துச் சொல்லிவிடுகிறது. நீ போனில் அவரிடம் பேசிப்பார் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன், ஆனால் இது உன் கைக்கு வரும்போது வெள்ளிக்கிழமை போயிருக்கும், அதனால் போனிலேயே ரகசியமாகச் சொல்லிவிடலாமா என்றும் யோசிக்கிறேன், அதற்கும் அவர் தோட்டத்துக்குப் போக வேண்டும், போகமாட்டேன் என்கிறார். கண் எரிகிறது, மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை. நேற்று எழுதவில்லை, ஜெப வீட்டில் வாஃபிள் சுடுகிற முறை எனக்கு. இன்று காலை எட்டு மணிக்கு முன்னால் டிராக்டர் சத்தம் கேட்டது, ஓட்வார் பிர்ச் மரத்துண்டுகளை ஒரு பாரம் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டுகிறான். யார் சொன்னது என்றேன். தோர்லைவ்தான், காலையில் போன் பண்ணி இரண்டு பாரம் கேட்டான், இன்னொன்று மத்தியானம் வரும் என்றான். நான் விறகுக் கொட்டகையைப் பார்த்தேன். வரப்போகிற குளிர்காலத்துக்கு உள்ளே இருக்கிறது, அதற்கடுத்த குளிர்காலத்துக்குச் சுவரோரம் அடுக்கியிருக்கிறது, போன வருஷம் அவரே பிளந்தது. இது பச்சை மரம், பட்டையில் இன்னும் ஈரம். அதற்கும் அடுத்ததற்குத்தான் ஆகும். உள்ளே வந்து, இதை யார் எரிக்கப் போகிறார்கள் என்று கேட்டேன். அவர் ரொட்டியில் சீஸை வைத்துக்கொண்டே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் சொன்னார்: "நான்தான், வேற யாரு. பெர்கன்லேர்ந்து வந்தப்புறம் மூணு மாசம் கோடாலியத் தொடக்கூடாதாம், ஓட்வார் பிளக்கட்டும். ஒவ்வொண்ணா எடுத்து அடுக்கலாமாம். கேட்டுட்டேன்." யாரிடம் கேட்டாய் என்று நான் கேட்கவில்லை. இன்னொரு கோப்பை காபி ஊற்றினேன், நிரம்பியும் நிறுத்தாமல் தட்டில் கொஞ்சம் சிந்திவிட்டேன், அவர் அதை ரொட்டித் துண்டால் ஒற்றி எடுத்துச் சாப்பிட்டார்.

ஆகவே மே இருபத்தெட்டில் அறுவை சிகிச்சை. வருஷா வருஷம் நீ வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம் எதற்கு வீண் செலவு, நாங்கள் சுகமாகத்தான் இருக்கிறோம் என்று எழுதிவிடுவேன். இந்தக் கடிதத்தில் அதை எழுதவில்லை, கவனித்துக்கொள். மலை வீட்டு அலமாரியைக் கழுவிவிட்டேன், இனி அங்கே உப்பும் காபியும் மட்டும்தான் போகும். நீயும் உன் குளியலறை அலமாரியை ஒரு தடவை திறந்து பார், எதையும் அதன் புட்டியிலிருந்து எடுத்து வேறு எதிலும் போட்டு வைக்காதே, கைப்பையிலும் வேண்டாம், திறந்த கண் சொட்டு மருந்தை இரக்கப்படாமல் எறி. சீஸுக்கு மட்டும் இரக்கப்படு. உன்னையும் மாப்பிள்ளையையும் கர்த்தர் தம் சிறகுக்குள் வைத்துக் காக்கட்டும், உங்கள் வலை கிழியாமல், உங்கள் கூரை பறக்காமல், உங்கள் மேஜை காலியாகாமல் இருக்கட்டும். அப்பா அன்பைச் சொல்லச் சொன்னார், இல்லை, சொல்லச் சொல்லவில்லை, ஆனால் இந்தக் கடிதம் யாருக்கு என்று கேட்டுவிட்டுப் பேனா மூடியை எடுத்து என் பக்கம் வைத்தார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஹெர்டிஸ்